பெக்காசியிலிருந்து ஜகார்த்தா: கே.ஆர்.எல். ரயிலா, எல்.ஆர்.டி.யா?

ஜகார்த்தாவின் அலுவலக மையமான சுதிர்மான் பகுதிக்குப் போக, கிழக்கே பக்கத்து நகரமான பெக்காசிக்காரர்களுக்கு இரண்டு தடங்கள். கே.ஆர்.எல். என்ற மின்சாரப் புறநகர் ரயில் மலிவு; முதல் 25 கி.மீ.க்கு 3,000 ருப்பியா, பயணம் அதற்குள் முடிந்துவிடும். 2023 ஆகஸ்டில் தொடங்கிய, ஓட்டுநர் இல்லாத எல்.ஆர்.டி. என்ற இலகு ரயிலில் முதல் கிலோமீட்டருக்கு 5,000, பிறகு கிலோமீட்டருக்கு 700. நெரிசல் நேரத்தில் உச்சவரம்பு 20,000, மற்ற நேரத்தில் 10,000.

விலை வித்தியாசம் நெரிசலில் தெரியும். காலையில் கே.ஆர்.எல்.லில் கைப்பிடி கிடைத்தாலே பெரிது. முதல், கடைசிப் பெட்டிகள் பெண்களுக்கானவை. அவசரத்தில் ஆண்கள் ஏறிவிட்டு அசடு வழிவது வழக்கம். பெரிய பொறி வேறு: பெக்காசி வழியாகப் போகும் கே.ஆர்.எல்.லின் சிக்காராங் தடத்தில் சில ரயில்கள் மங்காராய் நிலையம் வழியாகவும் சில பசார் செனென் வழியாகவும் போகும். இரண்டாவதில் ஏறினால் நகரைச் சுற்றிக்கொண்டுதான் சுதிர்மான் வரும். அறிவிப்பைக் கேட்டு ஏறுங்கள். பழைய நகரிலுள்ள ஜகார்த்தா கோத்தா நிலையத்துக்குப் போகிறவர்கள் 2022 மே முதல் மங்காராயில் மாற வேண்டும். அங்கே படிக்கட்டு நெரிசலே தனிப் பயணம்.

எல்.ஆர்.டி.யில் திரும்பும்போதுதான் கவனம் தேவை. சுதிர்மானை ஒட்டிய டுக்கு அத்தாஸ் நிலையத்தில், பெக்காசிப் பக்கக் கடைசி நிலையமான ஜாத்திமுல்யா என்று போட்ட ரயிலில் ஏறுங்கள். ஹார்ஜாமுக்தி ரயில் சாவாங்கில் பிரிந்து சிபுபூர் பக்கம் போய்விடும். ரொக்கமாகக் காசு வாங்க மாட்டார்கள், அட்டையில் போதிய இருப்பு வேண்டும்.

வீடு பெக்காசி நிலையத்தை ஒட்டியிருந்தால் கே.ஆர்.எல்.தான். எல்.ஆர்.டி. ஒட்டி ஓடும் சுங்கச்சாலைப் பக்கம் இருப்பவர்கள் நெரிசல் இல்லாத நேரத்தில் எல்.ஆர்.டி.யை யோசிக்காமல் எடுக்கலாம்.