ஆறு கார்டு, இருபது மாதம்: திருப்பூர் வீட்டு மாடியில் மைனிங் ரிக் ஓட்டிய அனுபவம்

2021 ஜனவரி நடுவில் ஆரம்பித்து 2022 செப்டம்பர் 15 வரை எங்கள் வீட்டு மாடி அறையில் எதீரியம் மைனிங் ரிக் ஒன்றை ஓட்டினேன், அதாவது பல கிராஃபிக்ஸ் கார்டைப் பூட்டி, எதீரியம் என்ற கிரிப்டோ நெட்வொர்க்குக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்து, கூலியாக ஈதர் என்ற காயினை வாங்கும் கணினி. அதற்கப்புறம் ஒரு வருடத்துக்கு மேல் மேசைக் கணினியின் பிராசசரிலேயே மொனேரோ என்ற இன்னொரு கிரிப்டோவை ஓட்டிப் பார்த்தேன். வாங்கிய நாளில் எழுதும் ரிவ்யூக்கள் நிறைய இருக்கின்றன, முழுக்க ஓட்டி முடித்து விற்று எடுத்த பிறகு எழுதியவை குறைவு. அதனால்தான் இது.

ரிக்கில் இருந்தது ஆறு ஆர்எக்ஸ் 580 கிராஃபிக்ஸ் கார்டு, எல்லாம் 8 ஜிபி, எல்லாமே செகண்ட் ஹேண்ட். அப்போது புதுக் கார்டு கடையில் கிடைக்கவில்லை, பழசே பதினாறு, பதினெட்டாயிரம் சொன்னார்கள். 4 ஜிபி கார்டு மலிவாக வந்ததை வேண்டாம் என்று விட்டது நல்ல முடிவு. மைனிங் கணக்குக்காகக் கார்டின் மெமரியில் ஏற்ற வேண்டிய, நாளாக நாளாகப் பெருக்கும் எதீரியத்தின் டாக் ஃபைல் 2020 கடைசியிலேயே 4 ஜிபியைத் தாண்டிவிட்டது, அந்தக் கார்டுகளின் மெமரியில் அது முழுதாக ஏறாது. கூடவே ஆறு ஸ்லாட் பழைய போர்டு, ஒரு செலரான் பிராசசர், 8 ஜிபி ரேம், 1200 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), கார்டைப் போர்டிலிருந்து தள்ளி மாட்ட உதவும் ரைசர்கள், அலுமினிய ஃப்ரேம். எல்லாம் சேர்ந்து ஒன்றரை லட்சம். ஹைவ் ஓஎஸ் என்ற மைனிங்குக்கான லினக்ஸைப் பென் டிரைவில் போட்டு அதிலிருந்தே பூட் செய்தேன், மைனிங் சாஃப்ட்வேர் டீம்ரெட்மைனர்.

வாங்கியபடியே ஓட்டினால் இந்தக் கார்டு 22, 23 மெகாஹாஷ் (ஒரு மெகாஹாஷ் என்றால் நொடிக்குப் பத்து லட்சம் கணக்கு) தரும், கரண்டும் அள்ளிக் குடிக்கும். கார்டுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை சாஃப்ட்வேரான பயாஸில் மெமரி டைமிங்கை மாற்றி, கோர் வேகத்தை 1150 மெகாஹெர்ட்ஸுக்கும் வோல்டேஜை 850 மில்லிவோல்ட் பக்கமும் இறக்கினால் 30 மெகாஹாஷ் வரும், சூடும் குறையும். ஆறு கார்டுக்கும் ஒரே செட்டிங் போட்டு முதல் வாரம் முழுக்க அவஸ்தைப்பட்டேன். ஒன்றில் சாம்சங் மெமரி, இன்னொன்றில் ஹைனிக்ஸ், மற்றொன்றில் மைக்ரான், ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் பிடிவாதம் பிடிக்கும். பயாஸ் ஏற்றும்போது ஒரு கார்டு உயிரே இல்லாமல் போனது. அதில் இரண்டு பயாஸ் இருந்தது, ஓரத்தில் இருந்த சின்ன சுவிட்சைத் தள்ளியதும் திரும்பி வந்தது. மாற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு கார்டின் அசல் பயாஸையும் தனித்தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இதைத் தவிர்க்கவே கூடாது.

எல்லாம் சரியானதும் மொத்தம் 180 மெகாஹாஷ், சுவர் பிளக்கில் மீட்டர் வைத்துப் பார்த்தால் 750 வாட். சாஃப்ட்வேர் காட்டும் வாட்டை நம்ப வேண்டாம். ஆர்எக்ஸ் 580இல் அது சிப்புக்குப் போகும் மின்சாரத்தை மட்டும் சொல்லும். மெமரி, ஃபேன், எஸ்எம்பிஎஸ்ஸில் வீணாவது எதுவும் அதில் வராது. எனக்கு இரண்டுக்கும் நடுவில் 200 வாட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தது.

அந்த 750 வாட்டை வைத்துத்தான் கணக்கு. ஒரு நாளைக்கு 18 யூனிட், இரண்டு மாதத்துக்கு 1080. நம்மூரில் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஏற ஏற ஸ்லாப் மாறும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பலர் கவனிக்காத ஒன்று, 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கீழ் ஸ்லாபுகளின் விலையும் சேர்ந்தே மாறிவிடும், அதாவது ஃப்ரிட்ஜும் மிக்ஸியும் எடுக்கும் யூனிட்டுக்கும் கூடுதலாகக் கட்டுகிறோம். வெறும் வீடாக 400 யூனிட் ஓடியபோது எண்ணூறு, தொள்ளாயிரம் கட்டிய இடத்தில், ரிக் வந்த பிறகு எட்டாயிரத்து சொச்சம் வந்தது. முதல் பில்லைப் பார்த்த அப்பா ஈபி கார்டை இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, "மோட்டாரைப் போட்டுட்டு மறந்துட்டியா?" என்று கேட்டார். அதனால் யாராவது "யூனிட் இத்தனை ரூபாய், மாதம் இத்தனை லாபம்" என்று போட்டுக் காட்டினால், அவர்கள் வைத்திருக்கும் யூனிட் விலை எந்த ஸ்லாப்பினுடையது என்று முதலில் கேளுங்கள்.

வரவு எப்படி? ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு 0.01 ஈதருக்குப் பக்கத்தில் வந்தது. அதே 180 மெகாஹாஷ், அதே கரண்ட், 2021 கடைசியில் 0.003ஐத் தொடவே திணறியது. உலகம் முழுக்க ஆட்கள் கார்டைப் பூட்டிக்கொண்டே போக, நம் பங்கு சுருங்கிக்கொண்டே வரும். 2021 ஆகஸ்ட் 5 அன்று எதீரியத்தில் வந்த லண்டன் அப்டேட்டுக்குப் பிறகு பரிவர்த்தனைக் கட்டணத்தின் அடிப்படைப் பகுதியை எரித்துவிடத் தொடங்கினார்கள், அதுவும் குறைந்தது. நடுவில் சீனா மைனிங்கைத் தடை செய்து அங்கிருந்த பண்ணைகள் நின்றபோது மட்டும் கொஞ்ச நாள் நமக்கு ஏறியது. ஈதர் விலை ஏறியதால் ரூபாயில் இந்தச் சரிவு கண்ணுக்குத் தெரியவில்லை. ரூபாயில் பார்க்காமல் ஈதரிலேயே நோட்டில் எழுதி வந்ததால்தான் எனக்குத் தெரிந்தது.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 750 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது, பத்துக்குப் பத்து அறையில் இரவும் பகலும் ஹீட்டர் போட்டு வைப்பது போல. ஜனவரியில் கார்டுகள் 60 டிகிரியில் இருந்தன, ஏப்ரலில் 80ஐத் தொட்டன. மேலே காங்கிரீட் தளம் வேறு, சாயங்காலம் ஆறு மணிக்கும் அனல் இறங்கும். ஒரு ஜன்னலில் பன்னிரண்டு இன்ச் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு, எதிர்ப்பக்கம் கதவுக்கு அடியில் காற்று வர வழி விட்டதும் எட்டு டிகிரி இறங்கியது. அதுவும் போதாமல், இரண்டு கோடையிலும் மதியம் பன்னிரண்டிலிருந்து நாலு வரை நிறுத்திவிட்டேன்.

எங்கள் ஊருக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. இரண்டு வீடு தள்ளி நிட்டிங் கம்பெனி, காற்றிலேயே பஞ்சுத் தூசி. மூன்றே வாரத்தில் ஒரு கார்டு மட்டும் 10 டிகிரி கூடுதலாகக் காட்ட, கழற்றி ஃபேனை எடுத்துப் பார்த்தேன். ஹீட்சிங்க் தகடுகளின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம், விரலால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் துணி போல முழுசாக உரிந்து வந்தது. உள்ளே தகடு புதுசு போல பளபளவென்று இருக்கிறது, காற்றுதான் உள்ளே போகவே இல்லை. அதிலிருந்து மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை காலை ரிக்கை நிறுத்தி, புளோயரால் ஊதுவேன். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், வேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். பக்கத்து வீட்டு அக்கா சத்தத்தைக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, மேல ஓவர்லாக் மெஷின் போட்டிருக்கீங்களா?" என்று விசாரித்தார். அவ்வளவு சத்தம் வரும், குழந்தைகள் தூங்கும் அறைக்குப் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள்.

அடுத்தது, எல்லாவற்றையும் விட முக்கியம். ரைசரோடு பெட்டியில், ஹார்ட் டிஸ்க்குக்குக் கொடுக்கும் வகையான சாட்டா பவர் கேபிள் ஒன்றும் வரும், நானும் மூன்று ரைசருக்கு அதையே மாட்டியிருந்தேன். மார்ச் மாதம் ஒரு ராத்திரி இரண்டரை மணிக்கு பிளாஸ்டிக் கருகும் வாடை, எனக்கு முன்னால் மனைவிதான் எழுந்தார். மாடிக்கு ஓடி மெயினை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், நாலாவது ரைசரின் சாட்டா முனை உருகி வளைந்து சாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, மஞ்சள் வயரின் உறை இரண்டு அங்குலத்துக்குப் பழுப்பாகி நொறுங்குகிறது. சாட்டா முனை தாங்குவது 54 வாட், ஒரு ஸ்லாட் வழியாகக் கார்டு 75 வாட் வரை இழுக்கலாம். 24 மணி நேரமும் ஓடும்போது அந்த முனை தாங்காது. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேரடியாக வரும் ஆறு பின் கேபிளை மட்டுமே ரைசருக்குக் கொடுங்கள். மறுநாள் எல்லாவற்றையும் மாற்றினேன், அறையில் புகை அலாரம் ஒன்று வாங்கி மாட்டினேன், ஏசிக்கு இழுத்திருந்த 15 ஆம்பியர் லைனைத் தனி எம்சிபியோடு ரிக்குக்கு ஒதுக்கினேன். ஆனாலும் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகும்போது ரிக்கை ஓடவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

2022 செப்டம்பர் 10ஆம் தேதி தமிழ்நாட்டில் மின்கட்டணம் ஏறியது, 1000 யூனிட்டுக்கு மேல் யூனிட் 11 ரூபாய். வீட்டின் 400, ரிக்கின் 1080 சேர்ந்த அதே 1480 யூனிட்டுக்குப் புதுக் கணக்கில் பன்னிரண்டாயிரத்துக்குப் பக்கத்தில் வரும். அதிலிருந்து ஐந்தாம் நாள் எதீரியம் மைனிங்கையே கைவிட்டு, கணக்குப் போடுவதற்குப் பதில் ஈதரைப் பிணையாகப் பூட்டி வைக்கும் ஸ்டேக்கிங்குக்கு மாறியது. வியாழக்கிழமை மதியம் 12 மணி 12 நிமிடம், நான் மாடியில்தான் நின்றிருந்தேன். ஹாஷ்ரேட் பூஜ்யமானது, ஒரு நிமிடத்தில் ஃபேன்கள் ஒவ்வொன்றாக வேகம் குறைந்தன, இருபது மாதத்தில் முதல்முறையாக அந்த அறையிலிருந்து தெருவில் போகும் டிவிஎஸ் ஐம்பதின் சத்தம் கேட்டது. அதே கார்டில் ஓடும் வேறு காயின்களான எதீரியம் கிளாசிக், ரேவன்காயின் இரண்டையும் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். எல்லோரும் அங்கேதான் வந்து விழுந்திருந்தார்கள், கரண்ட் காசில் பாதிகூட வரவில்லை. நாலு கார்டை ஆறாயிரம் ஆறாயிரமாக விற்றேன்.

மொத்தக் கணக்கு இது. கிடைத்தது 2.3 ஈதர். செலவு ரிக் ஒன்றரை லட்சம், கரண்ட் எழுபதாயிரம், ஆக 2.2 லட்சம். நான் ஆரம்பித்த மாதத்தில் ஒரு ஈதர் தொண்ணூறாயிரத்தை ஒட்டி இருந்தது, அந்தப் பணத்துக்கு நேராக வாங்கியிருந்தாலே 2.4 கிடைத்திருக்கும். 2021 நவம்பரில் ஒரு ஈதரை மூன்று லட்சத்து இருபதாயிரத்துக்கு விற்றதில் போட்ட பணம் முழுக்கத் திரும்பியது, அதைக் கொடுத்தது ஈதரின் விலை, என் ரிக் இல்லை. கார்டு ஓட்டி நான் கற்றுக்கொண்ட வயரிங்கும் லினக்ஸும் எனக்குப் பிடித்திருந்தது, அதற்காக நான் வருத்தப்படவில்லை. லாபத்துக்காக மட்டும் வருகிறவருக்கு இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன்.

வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோவை விற்ற லாபத்துக்கு 30 சதவீதம், ஜூலை முதல் விற்கும்போதே 1 சதவீதம் டிடிஎஸ். மைனிங்குக்கான உள்கட்டமைப்புச் செலவை வாங்கிய விலையாகக் கழிக்க முடியாது என்று அந்த மார்ச்சிலேயே நிதியமைச்சகம் மக்களவையில் சொல்லிவிட்டது. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் வழியில்லை. பிளக் மீட்டரை வைத்துப் போட்ட கணக்கில் லாபம் என்று வருவது வரிக்குப் பிறகு நஷ்டமாகலாம்.

மொனேரோ அனுபவம் சுருக்கமாக. அதன் மைனிங் கணக்கு முறையான ரேண்டம்எக்ஸ் பிராசசருக்காகவே உருவாக்கியது, தனிக் கார்டு எதுவும் வேண்டாம். என்னிடம் ரைசன் 7 3700எக்ஸ், எக்ஸ்எம்ரிக் என்ற மைனிங் சாஃப்ட்வேரில் ஹ்யூஜ் பேஜஸ் (மெமரியைப் பெரிய துண்டுகளாக ஒதுக்கும் வசதி) போட்டு இரண்டு ரேமையும் டூயல் சேனலில் வைத்ததும் எட்டு கிலோஹாஷுக்கு மேல் வந்தது. சுவரில் 120 வாட், நாளைக்கு மூன்று யூனிட், வரவு பதினைந்து பதினெட்டு ரூபாய். வீட்டு பில் 500 யூனிட்டுக்குள் நிற்கும் மாதங்களில் வரவும் செலவும் சரிக்குச் சரி, கோடையில் ஏசி ஓடி 500ஐத் தாண்டினால் கையை விட்டுப் போகும். தீப்பிடிக்கும் பயம் இல்லை, சத்தம் இல்லை. பிராசசர் மைனிங் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஆசைப்படுகிறவர் தன்னிடம் இருக்கும் கணினியில் இதைத்தான் ஓட்டிப் பார்க்கலாம், ஒரு ரூபாய்க்கும் புதிதாக எதுவும் வாங்காமல்.

மிச்சம் இருந்த இரண்டு ஆர்எக்ஸ் 580இல் ஒன்று இப்போது அண்ணன் மகனின் கணினியில் கேம் ஓட்டுகிறது. தெர்மல் பேஸ்ட்டும் பேடும் மாற்றி, அசல் பயாஸைத் திரும்ப ஏற்றித்தான் கொடுத்தேன், இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. இன்னொன்றுக்கு ஒரு ஃபேன் லேசாக உரசுகிறது, அந்த அளவில் ஃபேன் கிடைத்ததும் மாற்றிவிட்டு அதையும் யாருக்காவது கொடுத்துவிடுவேன்.