"டர்போ போச்சு" என்று சொன்னதும் சாவியைக் கொடுக்காதீர்கள்: பெங்களூரு லாரி ஓனர்களுக்கு

மேடு ஏறும்போது இழுவை இல்லை என்று வண்டியை விட்டால், ஒரு கேஜ்கூட மாட்டிப் பார்க்காமல் "டர்போ போச்சு" (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றுகிற சாமான்) என்று சொல்கிற பட்டறைகள் பெங்களூரில் இருக்கின்றன. பீன்யா பக்கம் அப்படி ஓர் இடத்தில் எனக்கு 1 லட்சத்துக்கு மேல் போயிருக்கிறது. வண்டியில் உண்மையில் பழுதாகியிருந்தது ஒரு ரப்பர் ஹோஸ். புகார் நடந்துகொண்டிருப்பதால் பட்டறையின் பெயரைப் போடவில்லை. ஆனால் ஏமாற்றும் முறை தெரிந்தால் எந்தப் பட்டறையிலும் நீங்கள் உஷாராக இருக்கலாம்.

வண்டி 12 சக்கர டாரஸ், பி.எஸ்.4 (பழைய புகை விதிப்படி வந்தது), காமன் ரெயில் இன்ஜின், அதாவது ஒரே குழாயில் உயர் அழுத்தத்தில் டீசலைத் தேக்கி எல்லா சிலிண்டருக்கும் கொடுக்கிற வகை. சேலத்திலிருந்து கம்பி ஏற்றி பெங்களூர் வரும். தொப்பூர் ஏற்றத்தில் கியர் மேல் கியராக இறக்க வேண்டியிருந்தது. எங்கள் அப்பா காலத்திலிருந்து வண்டி ஓட்டுகிற டிரைவர் அண்ணன் தெளிவாகச் சொன்னார்: "தம்பி, காலி வண்டில ஒண்ணும் தெரியல. லோடோட மிதிச்சா உஸ்ஸுனு ஒரு சத்தம் வருது, புகை கறுப்பா போகுது, வண்டி பின்னாடி கயிறு கட்டி இழுக்குற மாதிரி இருக்கு." இதே வார்த்தைகளைப் பட்டறையிலும் சொன்னார். பாதி நோய் அதிலேயே தெரிந்திருக்க வேண்டும். கறும்புகை என்றால் உள்ளே போகிற டீசலுக்குக் காற்று போதவில்லை. டீசல் ஃபில்டரோ டேங்க் சல்லடையோ அடைத்து டீசல் வராமல் இருந்தால் இழுவை போகும், ஆனால் இப்படிக் கறுப்பாகப் புகையாது. லோடில் மட்டும் உஸ்ஸென்று சத்தம் என்றால் அழுத்தக் காற்று எங்கோ வெளியேறுகிறது.

பட்டறைக்காரர் நல்ல தமிழில் இனிக்கப் பேசுவார். ஷெட்டில் நின்றபடியே ஆக்சிலேட்டரை நாலு தடவை அமுக்கினார். லோடு இல்லாமல் நிற்கிற வண்டியில் டர்போ முழு அழுத்தம் கட்டாது, அதில் இப்படிப்பட்ட கசிவு தெரியாது. ஸ்கேனர் போட்டதில் "பூஸ்ட் அழுத்தம் குறைவு", அதாவது டர்போ ஏற்றுகிற காற்றின் அழுத்தம் குறைவு, என்று வந்தது. அது அறிகுறி மட்டும்தான். ஏன் குறைந்தது என்று ஸ்கேனர் சொல்லாது.

அடுத்துச் செய்ததுதான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. காற்றுக்குழாயைக் கழற்றி, டர்போ ஷாஃப்ட்டை விரலால் ஆட்டிக் காட்டி, "பாருங்கண்ணே, ஆடுது. பேரிங் காலி" என்றார். நல்ல டர்போவும் அப்படிக் கொஞ்சம் ஆடும். அந்தப் புஷ் பேரிங்கில் எண்ணெய்ப் படலத்துக்கென்று இடைவெளி விட்டிருப்பார்கள். இன்ஜின் ஓடும்போது ஆயில் பிரஷரில் ஷாஃப்ட் அந்தப் படலத்தின் மேல்தான் சுற்றும். பார்க்க வேண்டியது வேறு: இறக்கை சுற்றுச்சுவரில் உரசிய தடம் இருக்கிறதா, ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகர்கிறதா, உள்ளே ஆயில் ஒழுகுகிறதா. இதில் ஒன்றையும் அவர் காட்டவில்லை.

டர்போவுக்கு 52,000 ரூபாய். புதுசு என்றார்கள். பிறகு பார்த்தால் நம்பர் தகடு சுரண்டப்பட்டு மேலே பெயின்ட் அடித்திருந்தது. ஜி.எஸ்.டி. பில் தரவில்லை. பழைய டர்போவைக் கேட்டதற்கு ஸ்கிராப்புக்குப் போய்விட்டது என்றார்கள். வண்டி அடுத்த லோடில் அதே மேட்டில் அதே போல நின்றது. "அப்போ இன்ஜெக்டர்தான்" (சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சுகிற சாமான்) என்று அதற்கும் பணம் வாங்கினார்கள். டெஸ்ட் பெஞ்சில் ஏற்றினால் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் அளவு அச்சிட்ட தாள் எடுக்கலாம். அதைக் கேட்டதும் பேச்சு மாறியது: மைலேஜ் குறைவதற்கு டிரைவர் டீசல் திருடுவதுதான் காரணம் என்றார். பழுது பார்க்கத் தெரியாதவன் உழைக்கிறவன் மேல் பழி போட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை. பணம் போனதைவிட அதுதான் எரிகிறது. அன்றே வண்டியை எடுத்துவிட்டேன்.

நெலமங்கலா பக்கம் ஒரு கன்னட மெக்கானிக். டிரைவர் அண்ணன் சொன்னதை முழுசாகக் கேட்டார். டர்போ வாயை ரப்பர் மூடியால் அடைத்து, அதில் டியூப் வால்வு வைத்து, கம்ப்ரெசர் காற்றை அளவாக ஏற்றி, குழாய் முழுக்க சோப்புத் தண்ணீர் அடித்தார். டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸின் அடிப்பக்கம், கிளாம்ப்புக்குக் கீழே, நுரை பொங்கியது. அழுத்தம் ஏறினால் மட்டும் வாய் திறக்கிற கிழிசல். காற்று குறைந்ததை சென்சார் காட்டியதும் இன்ஜின் கம்ப்யூட்டர் டீசலையும் குறைத்துவிடும், இழுவை எங்கிருந்து வரும்? ஹோஸ், கிளாம்ப், கூலி எல்லாம் சேர்த்து 3,000-க்குள் முடிந்தது. தொப்பூரில் வண்டி பழையபடி ஏறுகிறது, மைலேஜும் திரும்பிவிட்டது.

எந்தப் பட்டறையானாலும் பெரிய சாமானில் கைவைக்கும் முன் ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஹோஸ் கசிவு, எக்ஸாஸ்ட் பிரேக் வால்வு பாதி மூடி மாட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். லோடோடு ரோட்டில் ஓட்டி பூஸ்ட், ரெயில் பிரஷர் (டீசல் குழாயின் அழுத்தம்) இரண்டையும் அளக்கச் சொல்லுங்கள். கழற்றிய சாமான் உங்களுடையது, வண்டியிலேயே ஏற்றிக்கொள்ளுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில், கூடுதலாகத் தண்ணீர் கலந்த டி.இ.எஃப். (புகையைச் சுத்தம் செய்ய ஊற்றுகிற யூரியாக் கரைசல்) ஊற்றினாலே இன்ஜின் தானாக சக்தியைக் குறைக்கும். அதில் யூரியா 32.5 சதவீதம் இருக்க வேண்டும். அதை அளந்து பார்க்காமல் சைலன்சர் பக்கம் முழு செட்டையும் மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். பில் இல்லாததால் பணம் அனுப்பிய ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் கொடுத்திருக்கிறேன். பீன்யா, யஷ்வந்த்பூர் பக்கம் இதே மாதிரி பணம் கொடுத்தவர்கள் உங்கள் ரசீதையும் பேச்சையும் அழித்துவிடாமல் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள்.