அலுமினியக் கழிவில் ஹைட்ரஜன் எடுக்கும் கிட்: வாங்கலாமா?

பழைய குளிர்பான கேன், ஃபாயில் எதைப் போட்டாலும் ஹைட்ரஜன் வரும் என்று பெட்டியில் போட்டிருக்கிறார்கள். வருகிறது, அதில் பொய்யில்லை. காஸ்டிக் சோடா கரைசலில் ஃபாயில் துண்டைப் போட்டதும் மேலிருக்கும் ஆக்சைடு படலம் கரைந்து, கொஞ்ச நேரத்தில் குமிழ்கள் பொங்குகின்றன, ஒரு கிராமுக்குச் சுமார் 1.3 லிட்டர் வாயு, கூடவே கொடுக்கும் எரிபொருள் கலத்தில் (ஹைட்ரஜனை மின்சாரமாக்கும் கருவி) இணைத்தால் குட்டி விசிறி ஜோராகச் சுற்றுகிறது.

கேன்தான் தொல்லை. உள்ளே பிளாஸ்டிக் பூச்சு, வெளியே பெயின்ட். உப்புத்தாளால் தேய்க்காமல் போட்டால் சும்மா கிடக்கிறது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. அதைவிட மோசம், சூட்டைப் பற்றிய எச்சரிக்கை கடைசிப் பக்கத்தில்! அலுமினியத்தின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி வெப்பமாகத்தான் வெளியேறும், துண்டுகளை மொத்தமாகக் கொட்டினால் கரைசல் கொதித்துத் தெறிக்கும், பாதுகாப்புக் கண்ணாடியாவது பெட்டியில் வைத்திருக்கலாம். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே ஹைட்ரஜன் பற்றும், அதனால் ஜன்னல் திறந்திருக்கட்டும்.

அப்புறம் அந்த ‘வீட்டிலேயே எரிபொருள்’ விளம்பரம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 கிலோ அலுமினியம் வேண்டும். அவ்வளவு அலுமினியத்தைத் தாதுவிலிருந்து எடுக்க 120 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகும், கிடைக்கும் ஹைட்ரஜனில் இருப்பதோ சுமார் 33 யூனிட். சுத்தமான கேனை உருக்கி மறுபடி பயன்படுத்தினால் 95 சதவீத ஆற்றல் மிச்சமாகும்போது அதை ஏன் இதில் கரைக்க வேண்டும்? உருக்கவே லாயக்கில்லாத அழுக்குக் கழிவென்றால் சரி.

பள்ளி ஆய்வகத்துக்கு, ஆசிரியர் பக்கத்தில் இருந்தால், தாராளமாக வாங்கலாம். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.