பொட்டாஷ் நுரைக்கு மூன்று சமன்பாடுகள்: எதை நம்புவது?

ராமநாதபுரம் மாவட்டத்தின் வாலிநோக்கம் உப்பளங்களில் உப்பு வாரிய பிறகு பாத்தியில் தங்கும் கசப்பு நீரில் மெக்னீசியத்தோடு பொட்டாசியமும் இருக்கிறது. பொட்டாஷ் உரத்துக்கு நாடு இறக்குமதியையே நம்பியிருக்கும்போது, அதைப் பிரித்தெடுக்க நம் கடற்கரைப் பிள்ளைகள் ஆசைப்படுவதில் எனக்குப் பெருமைதான். கசப்பு நீரிலிருந்து கிடைக்கும் கலப்பு உப்பைப் பக்குவப்படுத்திய பின் நுரை மிதப்பு கைகொடுக்கும். உப்பு செறிந்த நீரில், படிகத்தைக் குமிழியில் ஒட்டவைக்கும் அமைன் என்ற வேதிப்பொருளைச் சேர்த்துக் காற்றை ஊதினால் பொட்டாசியம் குளோரைடு படிகங்கள் குமிழியில் ஒட்டி மேலே வரும். சாப்பாட்டு உப்பு அடியில் தங்கும். கனடாவின் சஸ்காட்செவனில் சுரங்க உப்பையும் இப்படிப் பிரிக்கிறார்கள்.

எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மேலே வரும் என்று கணிக்கச் சமன்பாடு வேண்டும். மூன்று போட்டியில் நிற்கின்றன.

முதலாவது, 1935இல் கார்சியா சூனிகா என்ற ஆய்வாளர் முன்வைத்தது. எல்லாத் துகள்களும் ஒரே வேகத்தில் மிதக்கும் என்று கொள்கிறது. எவ்வளவு விரைவாக மிதக்கும் என்று காட்டும் வேக மாறிலி, நிறைய நேரம் விட்டால் மொத்தம் எத்தனை சதவீதம் மேலே வரும் என்று காட்டும் இறுதி மீட்பு என இரண்டே எண்கள். எளிது. ஆனால் பொடியும் பரலுமாகக் கலந்த உப்பு ஒரே வேகத்தில் மிதக்காது. அதனால் கடைசி நிமிடங்களில் சொட்டுச் சொட்டாக வரும் நுரையை இந்தச் சமன்பாடு வரையும் நேரம்-மீட்பு வளைவு தவறவிட்டுவிடும்.

கெல்சால் 1961இல் துகள்களை வேகமானவை, மந்தமானவை என இரண்டாகப் பிரித்தார். மூன்று எண்கள் இருப்பதால் வளைவு எந்தப் புள்ளியிலும் அழகாக உட்காரும். எனக்குப் பயமே அந்த அழகைப் பார்த்துத்தான். நேரவாரியாக வாரி எடுத்த ஐந்தாறு தட்டு நுரையை வைத்து மூன்று எண்களைக் கண்டுபிடித்தால், ஒரு தட்டின் எடை சற்று மாறினாலும் மந்தப் பகுதியின் வேகம் எங்கோ போய்விடும். சல்லடை அளவுவாரியாகப் பகுப்பாய்வு கையில் இருந்தால் மட்டுமே இதைத் தொடலாம்.

கிளிம்பெல் 1980இல் தந்தது நடுவழி. வேகங்கள் சுழியத்திலிருந்து ஓர் உச்சம்வரை சமமாகப் பரவியிருப்பதாகக் கொள்கிறது, எண்கள் இரண்டுதான். ஒரே தரவுக்கு முதல் சமன்பாட்டைவிட இறுதி மீட்பை இது கூட்டிச் சொல்லும் என்பதை மறக்கக் கூடாது. இருந்தும் என் ஓட்டு இதற்கே.

பொருந்துவதை வைத்து மட்டும் நான் ஓட்டுப் போடவில்லை. ஆய்வகக் கண்ணாடிக் கலத்தில் ஒரே தொகுதியாகச் சோதித்துப் பொருத்திய எண்களை எடுத்துக்கொண்டு, முன்னோட்ட ஆலையில் ஊட்ட வேகத்தை, அதாவது உப்புக் குழம்பு உள்ளே பாயும் வேகத்தை, மாற்றி ஓட்டிய நாளின் மீட்பை முன்கூட்டியே சொல்லச் செய்ய வேண்டும். அந்த நாளின் தரவைப் பொருத்துவதற்குப் பயன்படுத்தியிருக்கவே கூடாது. இங்கே பலர் சறுக்குவது தொட்டியின் கலப்பில். முதல் சமன்பாட்டையே எடுத்துக்கொள்வோம்: வேக மாறிலியையும் நேரத்தையும் பெருக்கினால் 2 என்றால், கலச் சோதனையில் இறுதி மீட்பின் 86.5 சதவீதம் கிடைக்கும். ஒரு பக்கம் குழம்பு நுழைய மறுபக்கம் வெளியேறும், முழுதும் கலங்கும் ஒரே தொடர்தொட்டியில் சில துகள்கள் மிதக்கும் முன்பே வெளியேறிவிடுவதால் அதே நேரத்துக்கு 66.7 சதவீதம்தான். நேரத்தை நான்கு தொட்டிகளில் சமமாகப் பகிர்ந்தால் ஏறக்குறைய 80. இந்தக் கணக்கைப் போடாமல் சமன்பாடு பொய் சொல்கிறது என்று முடிவுகட்டுவது அநியாயம்.

நம் கரைக்கே உரிய சிக்கல் வெயில். தூய நீரில் பொட்டாசியம் குளோரைடு 20 டிகிரியில் 100 கிராமுக்கு 34 கிராம் கரையும். 40 டிகிரியில் 40 கிராம். சாப்பாட்டு உப்பின் கரைதிறனோ அதே இடைவெளியில் அரை கிராம்தான் கூடும். செறிந்த உப்பு நீரில் எண்கள் வேறானாலும் பொட்டாசியம் குளோரைடின் போக்கு இதுவே. காலையில் நிரப்பிய தொட்டி உச்சிவெயிலில் சூடேறினால் படிகம் மிதக்காமல் கரைந்தே காணாமல் போகும். மூன்று சமன்பாடுகளும் அதை மந்த மிதப்பு என்றே படிக்கும். வடிகட்டித் தாளில் ஈரப் படிகம் கிடக்கும்போது ஒட்டியிருக்கும் உப்பு நீரையும் கவனிக்க வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் படிகமும் கரையும். கழுவாமல் காயவைத்தால் அந்த நீரிலுள்ள உப்பும் எடையில் ஏறும். ஈர எடை, காய்ந்த எடை இரண்டையும் குறித்து அந்தப் பங்கைக் கழிக்க வேண்டும்.

ஆகவே வாலிநோக்கத்திலோ மண்டபத்திலோ இதைத் தொடங்கும் தம்பி தங்கைகள் கிளிம்பெல்லில் ஆரம்பிக்கலாம். ஒவ்வொரு தட்டுக்கும் நேரத்தோடு தொட்டி வெப்பநிலையையும் எழுதுங்கள். சல்லடைப் பகுப்பாய்வுக்கு வசதி கிடைத்த பிறகு கெல்சாலையும் அதே தரவில் ஓட்டிப் பாருங்கள்.