பிரிட்டோரியா க்ரூகர் வீடு: முதலில் நடைபாதையில் நில்லுங்கள்

தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவுக்கு ஊரிலிருந்து அத்தை வந்திருந்தார். அரசு அலுவலகங்கள் உள்ள யூனியன் பில்டிங்ஸ், பூங்கா எல்லாம் பார்த்தாகிவிட்டது. அப்புறம் க்ரூகர் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். டபிள்யூ. எஃப். என்கோமோ தெரு என்று இன்று பெயர். பழைய ஆட்கள் சர்ச் தெரு என்றுதான் சொல்வார்கள்.

அந்தக் காலத்தில் இங்கே தனி நாடாக இருந்த ட்ரான்ஸ்வாலின் ஜனாதிபதி பால் க்ரூகர் வாழ்ந்த வீடு, 1884-ல் கட்டியது. மாளிகை எல்லாம் இல்லை. ஒரே தளம், தெருவை ஒட்டி நீண்ட தாழ்வாரம். அங்கே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே வருகிறவர்களிடம் குறை கேட்பாராம். அந்தக் காலத்து சிமென்ட் சரியில்லை என்று தண்ணீருக்குப் பதில் பால் ஊற்றிக் குழைத்ததாகச் சொல்கிறார்கள். "பச்சைப்பாலையா சுவரில் ஊற்றினார்கள்?" என்று அத்தை சுவரைத் தடவிப் பார்த்தார்.

வாசலில் படுத்திருக்கும் இரண்டு கல் சிங்கங்களும் வைர வியாபாரி பார்னி பர்னாட்டோ 1896-ல் கொடுத்த பரிசு. காந்தி இந்த வழியாக நடந்த நாளில் அவை இல்லை.

நம்மவர்கள் இங்கே வரவேண்டிய காரணமே அந்த நடைதான். 1893-ல் வழக்கு விஷயமாக பிரிட்டோரியா வந்த காந்தி, தினமும் இந்த வீட்டைக் கடந்து உலாவப் போவார். ஒருநாள் காவலுக்கு நின்ற போலீஸ்காரர், ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், அவரை நடைபாதையிலிருந்து தள்ளி உதைத்துத் தெருவில் இறக்கினார். குதிரையில் வந்த நண்பர் கோட்ஸ் அதைப் பார்த்துவிட்டு, வழக்குப் போடுங்கள், நான் சாட்சி சொல்கிறேன் என்றார். சொந்தக் குறைக்காகக் கோர்ட்டுக்குப் போவதில்லை என்று காந்தி மறுத்துவிட்டார். இந்தியர்கள் நடைபாதையில் நடக்கக்கூடாது, இரவு 9 மணிக்கு மேல் அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியே வரக்கூடாது, குடியேற 3 பவுன் வரி: எல்லாம் க்ரூகர் ஆட்சியின் சட்டம். அதனால் உள்ளே போகுமுன் அந்த நடைபாதையில் கொஞ்சம் நில்லுங்கள். எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது.

உள்ளே பழைய மரச்சாமான்கள், பரிசுப் பொருட்கள். பின்கட்டில் அவருடைய தனி ரயில் பெட்டி. குழந்தைகளுக்கு அது பிடிக்கும். அத்தை அதிக நேரம் நின்றது க்ரூகரின் மனைவி கெசினா அம்மையாரின் படத்தின் முன்னால். 1900-ல் போரில் ஆங்கிலேயப் படை நெருங்கியதும் க்ரூகர் ஊரைவிட்டுப் போனார். உடம்பு முடியாத மனைவி இங்கேயே தங்கி, அடுத்த வருஷம் இறந்தார். 1904-ல் சுவிட்சர்லாந்தில் அவரும் போய்விட்டார். "கடைசியில் முகம்கூடப் பார்க்கவில்லையே, பாவம்" என்றார் அத்தை. அந்தச் சட்டத்தைப் பற்றி நான் சொன்ன பிறகும் அப்படித்தான் சொன்னார். அவர் மனசு அப்படி.

கட்டாயம் போகலாம். காலையிலேயே போங்கள், காரை அருகிலேயே நிறுத்துங்கள். அங்கிருந்து மராபஸ்டாட் மாரியம்மன் கோவில் பக்கம்தான். இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய ஆசியாட்டிக் பஜாரில் நம் முன்னோர் எழுப்பிய கோபுரம் அது. நடை திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, அதையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.