பூங்காவில் தாவர ஓவிய வகுப்பு: அளவெடுப்பு அருமை, பூத் தேர்வில் குறை

இந்த ஒருநாள் வகுப்பில் முதலில் பாராட்ட வேண்டியது காகிதம். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள, வழவழப்பான நீர்வண்ணத் தாள் தருகிறார்கள். சொரசொரப்பான தாளில் இலை நரம்பு பிசிறடிக்கும்; இதில் மயிரிழைக் கோடுகூடச் சுத்தமாக நிற்கிறது.

அளவெடுக்கக் கற்றுத்தரும் விதத்துக்காகவே போகலாம். கவராயத்தால் செம்பருத்தி இதழை அளந்து அப்படியே தாளில் குறிக்க வேண்டும். கடினமான முனையுள்ள 2எச் பென்சிலை அழுத்தவே கூடாது. அழுத்தினால் தாளில் பள்ளம் விழும், வண்ணம் அதில் தேங்கிக் கருங்கோடாகிவிடும், அழிக்கவும் முடியாது. ஐந்து இதழ்கள், நடுவில் மகரந்தக் குழல், அதன் உச்சியில் ஐந்தாகப் பிரியும் சூல்முடி என எல்லாவற்றையும் எண்ணிய பிறகுதான் வரையவிடுகிறார்கள். நல்ல பழக்கம்.

ஆனால் செம்பருத்தி ஒருநாள் பூ. மதியத்துக்குப் பின் வண்ணம் தொடும் நேரத்தில் இதழோரம் சுருளத் தொடங்கி, சிவப்பும் மங்குகிறது. காலையிலேயே நிறத்தைக் கலந்து துண்டுத் தாளில் பூசி வைக்கச் சொல்லியிருக்க வேண்டும். பச்சையையும் ட்யூபிலிருந்து நேரடியாக எடுக்கவிடுகிறார்கள். இலை பிளாஸ்டிக் போலத் தெரிகிறது. துளி சிவப்பு சேர்த்தால் அந்தப் பளீர் அடங்கும்.

கடைசி அரைமணி நேரத் தோட்டப் பாடம் அவசரம். குச்சியைக் கணுவுக்குக் கீழே வெட்டி, அடியிலைகளைக் கிள்ளி நடுவதோடு முடிந்துவிடுகிறது. நட்ட குச்சிக்கு ஈரப்பதம் காப்பது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். குச்சி வேர் விடும் முன் காய்ந்துபோவது ஈரப்பதம் குறைவதால்தான்.