பிராஞ்சைஸ் கடை எடுக்கப் போறீங்களா? "ஸ்டெப்-இன்" பக்கத்தைப் படிச்சுட்டு கையெழுத்து போடுங்க

தென்னாப்பிரிக்கால டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டோங்காட்னு நம்ம ஆளுங்க நிறைய பேர் பிராஞ்சைஸ் எடுக்கணும்னு விசாரிக்கிறாங்க, அதனாலதான் எழுதறேன். ஸ்டெப்-இன்னா, நாம பாக்கி வச்சா கம்பெனியே உள்ள வந்து நம்ம கடையை நடத்தலாம்ங்கற ஷரத்து. கம்பெனி பேர் போடல, கேஸ் பாக்கி இருக்கு.

எங்களோடது சிக்கன் கடை. வீட்டு மேல பாண்ட் போட்டு, அதாவது வீட்டை அடமானம் வச்சு எடுத்த காசு அது. மூணு வருஷம் நல்லாத்தான் ஓடுச்சு. புரட்டாசி வந்தா இங்க நம்ம வீடுகள்ல யாரும் கவுச்சி தொடமாட்டாங்க, அந்த மாசம் சேல்ஸ் படுத்துடும், ஆனா ஜோஹன்னஸ்பர்க்ல உக்காந்து கணக்கு பாக்கற கம்பெனிக்காரங்களுக்கு அது எங்க புரியும், போன வருஷம் ரெண்டு மாச ராயல்டி (அவங்க பேரை உபயோகிக்கறதுக்கு நாம கட்டற காசு) பாக்கி விழுந்ததும் ஒரு லெட்டர், அடுத்த வாரமே மூணு பேர் கடைக்கு வந்துட்டாங்க.

வந்தவர் மரியாதையாத்தான் பேசினார். "ஆண்ட்டி, கொஞ்ச நாள் நாங்க நடத்தி நிமித்திட்டு திருப்பிக் குடுத்துடறோம்"னு சொல்லி ஒரு பேப்பர்ல கையெழுத்து கேட்டார். போட்டேன். சாவியையும் நானே எடுத்துக் குடுத்தேன்.

முதல்ல அவங்க மாத்தினது ஸ்பீட்பாயிண்ட், அதான் கார்டு தேய்க்கற மெஷின். எங்க மெஷினை புடுங்கி டிராயர்ல வச்சுட்டு புதுசு ஒண்ணு மாட்டினாங்க. சாயங்காலம் என் கார்டுலயே ஒரு கூல்டிரிங்க் வாங்கிப் பாத்தேன், ஸ்லிப்ல எங்க கம்பெனி பேர் இல்ல, காசு எங்களுக்கு வரலன்னு அர்த்தம். அந்த ஸ்லிப் இன்னும் என் பர்ஸ்லதான் இருக்கு.

வீட்டுக்கு வந்து அக்ரிமெண்டை எடுத்து அப்பதான் ஒழுங்கா படிச்சேன். அவங்க உள்ள வந்து நடத்தலாம், ஆனா எங்க பேர்ல, எங்க ரிஸ்க்ல. வர்ற காசுல முதல்ல அவங்க ஆளுங்க சம்பளம், மேனேஜ்மெண்ட் பீஸ், பழைய ராயல்டி, மிச்சம் இருந்தா எங்களுக்கு. மிச்சம் இருந்ததே இல்ல. ஆனா மால் வாடகை எங்க பேர்ல, 15 சதவீத வாட் எங்க பேர்ல, சார்ஸ், அதான் வரி ஆபீஸ், எங்களைத்தான கேக்கும், அதுக்கும் மேல நானும் வீட்டுக்காரரும் கடை கடனுக்கு சொந்தப் பொறுப்புன்னு ஆளுக்கொரு ஷ்யூரிட்டி வேற போட்டிருக்கோம். கிச்சன்ல இருந்த பொண்ணுங்க சம்பளம் லேட்டானா எனக்குத்தான் போன் பண்ணுவாங்க, என்ன பதில் சொல்றது.

அட்டர்னிகிட்ட (வக்கீல்) போனோம். அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆறல. நம்ம சம்மதமும் இல்லாம கோர்ட் ஆர்டரும் இல்லாம ஒருத்தர் நம்ம கைல இருக்கறதைப் பறிச்சா, இந்த நாட்டுல ஸ்போலியேஷன்னு ஒரு பழைய வழி இருக்கு, உடனே கோர்ட்டுக்குப் போகலாம், யார் யாருக்கு பாக்கின்னு ஜட்ஜ் அப்ப பாக்கமாட்டார், முதல்ல திருப்பிக் குடு, சண்டையை அப்புறம் போடுங்கம்பார். அக்ரிமெண்ட்ல ஸ்டெப்-இன் எழுதியிருந்தாலும், அந்த நேரத்துல நீங்க மாட்டேன்னு நின்னா அவங்க கோர்ட்டுக்குத்தான் போயிருக்கணும்னார். நான்தான் சாவியைக் குடுத்து கையெழுத்தும் போட்டுட்டேனே, எங்களுக்கு அந்தக் கதவு அடைஞ்சுபோச்சு.

இன்னும் கையெழுத்து போடாதவங்க கேளுங்க. 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி டிஸ்க்ளோஷர் டாக்குமெண்ட், அதாவது கம்பெனி தன்னோட பிசினஸ் விவரத்தை எழுதிக் குடுக்கற பேப்பர், கையெழுத்துக்கு குறைஞ்சது 14 நாள் முன்னாடி உங்க கைல இருக்கணும், எங்களுக்கு அன்னிக்கே காபியோட சேத்து நீட்டினாங்க. கையெழுத்து போட்டப்புறமும் 10 வேலை நாளுக்குள்ள எழுதிக் குடுத்து, அபராதம் இல்லாம கேன்சல் பண்ணலாம். ஸ்டெப்-இன் பக்கத்துல எத்தனை நாள் நோட்டீஸ், எத்தனை மாசத்துல வெளிய போவாங்க, அவங்க நடத்தற காலத்து கடனும் நஷ்டமும் யாரோடது, காசு எந்த அக்கவுண்ட்டுக்குப் போகும், கணக்கை நீங்க தினம் பாக்கலாமா, எல்லாத்தையும் எழுத்துல வாங்குங்க. மாத்தமாட்டோம்னா எழுந்து வந்துடுங்க.

எங்க கடையை அஞ்சாவது மாசம் மூடிட்டுப் போயிட்டாங்க. அவங்க நடத்தின மாசங்களுக்கான வாடகை பாக்கி லெட்டர் போன வெள்ளிக்கிழமை எங்க வீட்டுக்கு வந்துச்சு. யாராவது இதே மாதிரி அக்ரிமெண்ட் வச்சிருந்தா இன்பாக்ஸ்ல வாங்க, என்னோடதுல அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பறேன், பக்கத்துல வச்சுப் பாருங்க.